மூன்றாவது கட்டம்

என்னிடம் ஒரு 200 பக்க லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. அட்டையில் மஞ்சளாக ஒரு கறை. குழம்பு சிந்தியது. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டிருப்பேன். முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவதில் அன்றைக்கு எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வில் எத்தனை கேள்வி சரி என்பது. மூன்றாவதில், சிவப்புப் பேனாவில், 'குறைவு'.

தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: 200 கேள்வி, 300 மார்க், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். தப்பான விடைக்கு மார்க் பிடிப்பதில்லை. 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தமிழில் 40 சதவீதம் வராவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். படிக்கிற நாங்கள் யாரும் மார்க்கில் பேசிக்கொள்வதில்லை. "எத்தனை வருது?" என்றுதான் கேட்போம். "150 வருது", "160 வருது" என்று பதில் வரும். தருமபுரியில் நான் போய் உட்கார்ந்து படித்த நூலகத்தில் அப்போதைய பேச்சு, 170 வந்தால் வேலை நிச்சயம் என்பது. அந்த 170-லிருந்து என் இரண்டாவது கட்டத்தைக் கழித்தால் மூன்றாவது கட்டம்.

முதல் தேர்வை எழுதியது 2021 மே மாதம், ஊரடங்கில், பாலக்கோடு பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், போனில் டைமர் வைத்து. 92 வந்தது. குறைவு 78. நான் பி.எஸ்சி. கணக்கு. நாலு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தேன். கொரோனா வந்ததும் சம்பளம் பாதியானது, அப்புறம் அதுவும் நின்றது. சரி, அரசு வேலைக்கே படித்துவிடலாம் என்று உட்கார்ந்தவள்தான்.

நூலகங்கள் திறந்த பிறகு தினமும் காலையில் ஊரிலிருந்து பாலக்கோட்டுக்கு மகளிர் இலவச டவுன் பஸ், அங்கிருந்து தருமபுரிக்கு டிக்கெட் எடுத்து இன்னொரு பஸ். சாயங்காலம் திரும்பி வரும்போது அப்பா தக்காளித் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருப்பார். "எவ்வளவு பாப்பா?" என்பார். நான் மூன்றாவது கட்டத்தைத்தான் சொல்வேன். "இன்னும் 40 குறையுதுப்பா." ஒரு மாதம் கழித்து, "35 குறையுதுப்பா." அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒருநாள் எங்கள் பெரியம்மா வந்திருந்தார். பேச்சுவாக்கில், "ஏண்டி, பரிச்சையில உனக்குத் தினமும் குறையுதாமே, உங்கப்பா சொல்லி வருத்தப்பட்டாரு" என்றார். முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு நான் எடுத்திருந்தது 141. எட்டு மாதத்தில் 49 கேள்வி ஏறியிருந்தேன். வீட்டில் யாருக்குமே அது தெரியாது. தெரிந்தால்தானே? நான் சொன்னதெல்லாம் குறைந்த கணக்குதான்.

அன்று ராத்திரி அப்பாவிடம் நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "92-லருந்தா ஆரம்பிச்ச? இத ஏன் சொல்லவே இல்ல?" மறுநாள் டீக்கடையில், "எம் பொண்ணு அறுபது கேள்வி ஏத்திட்டா" என்று சொல்லியிருக்கிறார். பதினோரு கேள்வி அவர் கைச்சரக்கு.

அப்போதே நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. அப்பாவிடம் சொல்லும் கணக்கை மட்டும் மாற்றிக்கொண்டேன், எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் கணக்கு மாறவில்லை.

2022 ஏப்ரலில் ஒருநாள் 168 வந்தது. அதுவரை வராத எண்ணிக்கை. சிவப்பில் வெறும் 2. நூலகத்துக்கு வெளியே டீ குடிக்கப் போனோம். அங்கே ஒரு தம்பி, 2019-க்கு அப்புறம் மூன்று வருஷமாகத் தேர்வே நடக்கவில்லை, எல்லோரும் படித்துக் குவித்திருக்கிறார்கள், இந்த வாட்டி 175 இல்லாமல் நடக்காது என்றான். அவனுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லியிருக்க வழியில்லை. தேர்வே இன்னும் நடக்கவில்லை. ஆனாலும் உள்ளே போய் உட்கார்ந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து 2-ஐ அடித்துவிட்டு 7 என்று எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நன்றாக எழுதிய தேர்வு அன்றைக்கு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாலக்கோடு வரும்வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்ததும் அன்றைக்குத்தான்.

இன்னொரு கூத்தும் நடந்தது. டெலிகிராமில் ஒரு குழு. தினமும் ராத்திரி யார் எத்தனை மணி நேரம் படித்தோம் என்று ஸ்டாப்வாட்ச் படத்தைப் போட வேண்டும். முதல் வாரம் என்னுடையது 6 மணி. மற்றவர்கள் 10, 11 போட்டார்கள். மானம் போகுமே என்று நானும் ஏற்றினேன். மூன்றாவது வாரத்தில் 11 மணி 20 நிமிடம் போட்டபோது நெருப்புப் படமும் கைதட்டலுமாக வந்து குவிந்தது. மூன்று மாதம் இப்படி. மார்க் என்னவோ அசையவில்லை.

ஏன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழைய தாள்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தேன். கணக்கில் 25-க்கு 24, 25, 24. தமிழில் 100-க்கு 68, 70, 67. இருந்தும் தினமும் நாலு மணி நேரம் கணக்குப் போட்டிருக்கிறேன். கணக்குப் போட்டால் நேரம் போவது தெரியாது, மனசும் குளிரும், ஸ்டாப்வாட்ச்சும் ஓடும். தமிழை எடுத்தால் பத்து நிமிடத்தில் கொட்டாவி. கடிகாரத்துக்குக் கணக்குப் போட்ட நாலு மணி நேரமும் தமிழ் படித்த நாலு மணி நேரமும் ஒன்றுதான். இன்னும் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருக்கும் இடத்தில் நாலு மணி நேரம் உழைத்துவிட்டு, முப்பது கேள்வி மிச்சம் இருக்கும் இடத்தைத் தொடாமலே பதினொரு மணி நேரம் என்று கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அன்று ராத்திரியே குழுவிலிருந்து வெளியேறினேன். யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நூலகத்தில் என் எதிர் நாற்காலியில் உட்காருவார். பென்னாகரம் பக்கம். கணவர் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார், ஒரு பையன் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தான். பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து, அவன் வீடு திரும்புமுன் போய்விட வேண்டும். போகவர பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். உட்கார்ந்து படிக்க அவருக்குக் கிடைப்பது மிஞ்சிப் போனால் இரண்டரை மணி நேரம். முழுத் தேர்வு எழுத நேரம் கிடையாது, தேர்வுத் தொடர் வாங்கக் காசும் கிடையாது. என்னைப் போலப் பேப்பர் பேப்பராக வாங்கி எழுதுகிறவர்களிடம் கேள்வித்தாளை இரவல் வாங்கி, இருபது இருபது கேள்வியாகப் போட்டுப் பார்ப்பார்.

அவரிடம் ஒரு பாக்கெட் டைரி இருந்தது. ஏதோ உரக்கடை கொடுத்தது, அட்டையில் வாழைத்தார் படம். அதில் மார்க் எதுவும் இருக்காது. தப்பாகப் போட்ட விஷயம் மட்டும், ஒவ்வொன்றும் ஒரு வரி. 'சிறுபாணாற்றுப்படை – நல்லூர் நத்தத்தனார். பெரும்பாண் – கடியலூர் உருத்திரங்கண்ணனார்.' இப்படி. பத்து நாள் கழித்து அதே விஷயத்தைத் திரும்பக் கேட்டுப் பார்ப்பார். சரியாக வந்தால் ஒரு டிக். இன்னும் பத்து நாள் கழித்து மறுபடி. மூன்று டிக் விழுந்தால் அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிடுவார். சில பக்கங்கள் முழுக்க அடிபட்டிருக்கும். அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைப்பார்.

இந்த நத்தத்தனாரும் உருத்திரங்கண்ணனாரும் எனக்கும் எப்போதும் இடம் மாறுவார்கள். அதிலும் சிறுபாணாற்றுப்படையில்தான் கடையேழு வள்ளல்கள் வருகிறார்கள், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த நம்ம ஊர் அதியமான் உட்பட. தகடூர்க்காரி அதைத் தப்பாகப் போடலாமா என்று அக்கா கிண்டல் செய்வார். நான் ஐந்து தேர்வில் அதே கேள்வியைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். ஐந்து தடவையும் என் நோட்டில் பதிவானது 'குறைவு 21', 'குறைவு 17' மாதிரி ஓர் எண்தான். எது குறைகிறது என்று அந்த எண் ஒருநாளும் சொன்னதில்லை.

"உங்களுக்கு எத்தனை வருதுன்னு தெரியாம எப்பிடிக்கா நிம்மதியா இருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் காலையில எழுந்ததும் என்ன பாப்பாரு தெரியுமா? பிலிகுண்டுலுல காவிரித் தண்ணி எத்தனை கன அடி வருதுன்னு. நிறைய வந்தா பரிசலை நிறுத்திடுவாங்க. கொறஞ்சு போனா பாறைதான் தெரியும், சுத்திப் பாக்க ஆள் வராது. கர்நாடகாவுல மழ பேஞ்சு அணையத் தொறந்தா இங்க ஏறும், மூடுனா எறங்கும். இவரு அதப் பாத்துட்டு ஒரு நாளு குதிப்பாரு, ஒரு நாளு மொகத்தத் தொங்கப் போட்டுக்குவாரு. வீட்டுல ஒருத்தரு அப்பிடி இருந்தா போதாதா? நானும் இருக்கணுமா?"

அக்காவைப் பெரிய ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். என் கைபேசியை, என் பேப்பர்களை, எனக்கு இருந்த நேரத்தைப் பார்த்து அவர் பெருமூச்சு விட்டதுண்டு. ஒருநாள் வாய்விட்டே, "உனக்கென்னம்மா, சோறு பொங்கணுமா, துணி தொவைக்கணுமா" என்று சொல்லி, இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. முழுத் தேர்வு எழுத வசதியில்லாததால் வந்த பழக்கம்தான் அந்த டைரி. ஆனால் நல்ல பழக்கம்.

தேர்வு 2022 ஜூலை 24. அதற்கு முந்தைய வாரம் காவிரியில் லட்சம் கன அடிக்கு மேல் வந்து, ஒகேனக்கல்லில் பரிசல் நின்றுபோயிருந்தது. கணவர் வீட்டில் சும்மா இருந்ததால் பையனை அவர் பார்த்துக்கொண்டார், அக்காவுக்குப் படிக்க முழுதாக ஒரு வாரம் கிடைத்தது. அந்த வீட்டில் வெள்ளத்தால் லாபம் வந்தது அந்த ஒரு தடவைதான் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

விடைக்குறிப்பு வந்ததும் எண்ணிப் பார்த்தோம். எனக்கு 163. அக்காவுக்கு 144.

அப்புறம் எட்டு மாதம் காத்திருப்பு. முடிவு வந்தது 2023 மார்ச்சில்தான். அந்த எட்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதுதான் இதை எழுதவே காரணம்.

என் 163 அந்த எட்டு மாதமும் 163-ஆகவேதான் இருந்தது. விடைத்தாள் சென்னையில் எங்கோ கட்டில் கிடக்கிறது. அதில் இனி ஒரு வட்டம் கூடவும் முடியாது, குறையவும் முடியாது. என் மனசு மட்டும் தினமும் ஏறி இறங்கியது. யூடியூபில் ஒருவர் 'எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப் 168' என்று வீடியோ போட்டால் அன்று சாப்பாடு இறங்காது. இன்னொருவர் 158 என்று போட்டால் அம்மாவுக்குத் துணி துவைத்துக் கொடுப்பேன். முதலில் 7,301 இடங்கள் என்று அறிவித்திருந்தார்கள். பிறகு அது ஏறி 10,000-ஐத் தாண்டியது. அந்தச் செய்தி வந்த அன்று நான் ஏதோ சாதித்த மாதிரி தெருவில் நடந்தேன். நான் செய்தது ஒன்றுமில்லை. இடம் கூடியதால் கோடு கீழே இறங்கியது, அவ்வளவுதான். கோடு இறங்கினால் நான் உயரமாகிவிடுவேனா? ஆகிவிட்டதாகத்தான் அன்று நடந்துகொண்டேன். நானும் அக்காவின் கணவர் மாதிரி காலையில் எழுந்ததும் கன அடி பார்க்கிறேன் என்று உறைத்தது அப்போதுதான்.

கடைசியில் என் பிரிவில் இடம் போய் முடிந்தது 246 மார்க்கில். என்னுடையது 244.5. ஒன்றரை மார்க். ஒரு கேள்வி.

அந்த ஒரு கேள்வி எது என்றுகூட எனக்குத் தெரியும். மனசில் 'பி' என்று வைத்திருந்து, வட்டத்தைக் கறுப்பாக்கும் நேரத்தில் கை 'சி'-க்குப் போன கேள்வி. கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் தீட்டியது, அழிக்க முடியாது. ராத்திரி படுத்தால் கூரையில் அந்த வட்டம் தெரியும். இருபது கேள்வியில் தவறியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகத்தை வீடியோவில் காட்டி, எவ்வளவு சந்தோஷமாகத் தெரிகிறார்கள் என்று 1-லிருந்து 10-க்குள் மார்க் போடச் சொன்னார்கள். போட்டி முடிந்த கணத்தில் வெள்ளி வாங்கியவர்களுக்குச் சராசரி 4.8, வெண்கலத்துக்கு 7.1. மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற மூவர் 1995-ல் வெளியிட்ட ஆய்வு அது. வெள்ளிக்காரர் கைநழுவிய தங்கத்தைப் பார்க்கிறார். வெண்கலக்காரர், வெறுங்கையோடு போகாமல் தப்பித்தோமே என்று பார்க்கிறார். இந்த இருவரில் மேடையில் உயரமாக நிற்கிறவர் முகம்தான் வாடியிருக்கிறது.

எங்கள் நூலகத்தில் அந்த முகம் என்னுடையது. முதல் தடவை போட்டுப் பார்த்ததில் 80-ஐக்கூடத் தொடாதிருந்த அக்கா, 144 எண்ணிய அன்று பையனுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு போனார். கட்-ஆஃபைக் கேட்டால் இரண்டு பேருமே தேறவில்லை. ஆனால் அந்த எட்டு மாதத்தை அவர் வாழ்ந்தார், நான் கழித்தேன்.

2023-ல் புது நோட்டுப் போட்டேன். இந்தத் தடவை என்ன மாற்றினேன் என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

மூன்றாவது கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் அக்காவின் டைரி வேலையைச் சேர்த்தேன்: 'முன்பு தப்பு, இன்று சரி' என்று எத்தனை கேள்வி. அது சில நாள் 3 இருக்கும், சில நாள் 9. பூஜ்யம் வந்த நாள் கிட்டத்தட்ட இல்லை. படிக்கிறவளுக்குத் தினமும் ராத்திரி கையில் ஏதோ ஒன்று தேறியது என்று தெரிந்தால், மறுநாள் காலை பஸ் ஏறக் கால் வரும். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இரண்டு வருஷம் வீணாக்கினேன்.

அடுத்தது, ஒரு தேர்வை வைத்து எதையும் முடிவு பண்ணுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கணக்குப் படித்தவள் இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், வெட்கம்தான். ஒரு மாதத்தில் எழுதிய ஐந்து தேர்வு: 149, 158, 151, 160, 153. சராசரி 154.2. அடுத்த மாதம்: 152, 161, 155, 163, 157. சராசரி 157.6. மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கிறது, ஒரு மாதத்துக்கு அது நல்ல ஏற்றம். ஆனால் பழைய நானாக இருந்தால் இரண்டாவது மாதத்தின் கடைசி நாளில் அழுதிருப்பேன், 163-லிருந்து 157-க்கு இறங்கிவிட்டேன் என்று. வினாத்தாள் ஒன்று கடினம், ஒன்று சுலபம். ஒருநாள் தலைவலி, ஒருநாள் தெரிந்த கேள்வியாகவே வரும். ஆறேழு கேள்வி அப்படி இப்படி ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்துக்கெல்லாம் அர்த்தம் தேடினால் மனசு கெட்டுப் போகும். ஐந்து ஐந்தாகச் சேர்த்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய ஐந்தோடு ஒப்பிடுங்கள். பக்கத்து நாற்காலியோடு வேண்டாம்.

மணிக்கணக்கை எழுதுவதே இல்லை. கடிகாரத்தைப் பையில் போட்டேன். தமிழில் இன்று எத்தனை பாடம் மூடிய புத்தகத்தோடு சொல்ல வந்தது என்று மட்டும் பார்த்தேன். 70-ல் நின்ற தமிழ் அந்த வருஷக் கடைசியில் 88 ஆனது. கணக்கு அதே 24.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டு மயங்கிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். "நேற்றைய என்னோடு மட்டும்தான் போட்டி" என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு எட்டு வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. 92-லிருந்து 130-க்கு வந்தது உண்மையான வளர்ச்சிதான், அதற்கு வேலை கொடுக்க மாட்டார்கள். கட்-ஆஃப் என்கிற கோடு நிஜம். அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. நான் செய்தது, அதைப் பார்க்க நாள் குறித்தேன்: வருஷத்தில் மூன்று தடவை. அன்றைக்கு என் சராசரியையும் போன தேர்வில் என் பிரிவில் இடம் முடிந்த மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தொடர்ந்து படிக்கலாமா, எந்தப் பகுதிக்கு நேரம் கொடுக்கணும், இன்னும் எத்தனை தேர்வு எழுதிப் பார்ப்பது என்று முடிவெடுப்பேன். முடிவை எழுதியதும் நோட்டை மூடிவிடுவேன். வயசு, வீட்டு நிலைமை, கையிருப்பு எல்லாம் அந்த நாளில் பேச வேண்டிய விஷயம். மற்ற 362 நாளும் அது வாயைத் திறக்கக் கூடாது.

2024 ஜூன் 9 தேர்வில் 171 வந்தது. அக்டோபரில் முடிவு. அடுத்த வருஷம் கலந்தாய்வு முடிந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம், அம்மாவுக்கு ஒரு சேலை. அம்மா அதை இன்னும் கட்டவில்லை, பீரோவில் இருக்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

அந்தச் சந்தோஷம் எத்தனை நாள் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? நான் எண்ணவில்லை, ஆனால் இரண்டு மாதத்துக்குள் அலுவலகத்தில் ஒருவர், "குரூப் 2 எழுதலையாம்மா? இதுலயே இருந்தா எப்பிடி?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே கூட வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் மதிப்பெண்ணையும், என்னைவிட இரண்டு வயது சின்னவன் ஒருவனின் பதவியையும் மனசு பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. சிவப்புப் பேனா இல்லாமலே மூன்றாவது கட்டம் திரும்ப வந்துவிட்டது. பிரிக்மேன், கேம்ப்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1971-லேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள்: கிடைத்தது பழகிப்போகும், பழகியதும் அதுவே தரைமட்டம் ஆகிவிடும், அங்கிருந்து மறுபடி அண்ணாந்து பார்ப்போம். ட்ரெட்மில் மாதிரி, எவ்வளவு ஓடினாலும் நின்ற இடம்தான். படிக்கும்போது சரிதான் என்று தோன்றியது. நமக்கே நடக்கும்போது கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது.

இதற்கு என்னிடம் முழு மருந்து இல்லை. அந்த மாதிரி நாட்களில் பழைய நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறப்பேன். 92. தேதி. திண்ணையில் உட்கார்ந்து எழுதியபோது பக்கத்தில் கோழி கத்திக்கொண்டிருந்தது வரை ஞாபகம் வரும். அன்றைக்கு என்னிடம் யாராவது வந்து, நாலு வருஷம் கழித்து நீ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோப்பில் குறிப்பு எழுதிக்கொண்டு, 'இதிலேயே இருந்தால் எப்படி' என்று வருத்தப்படுவாய் என்று சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அரை மணி நேரம் போதும், மனசு ஒரு நிலைக்கு வரும். சில நாள் வராது. அன்றைக்குப் போய் மாங்காயில் உப்பு மிளகாய் தொட்டுத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன்.

வாழ்க்கையில் எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றுவதையும் நிறுத்தினேன். வேலையில் சேர்ந்த புதிதில் நடை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கி, சாயங்காலம் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் நடக்கப் போவேன். ஒரு மாதத்தில் அணையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒருநாள் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், கூட்டமே நின்று பார்க்கிறது, நான் 8,000 முடிக்க வேண்டும் என்று தாண்டிப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இப்போது அந்தக் கடிகாரம் அண்ணன் கையில், அவருக்குச் சர்க்கரை, அவருக்கு அது வேண்டும்.

அக்கா 2024-ல் 156 எடுத்தார், இடம் கிடைக்கவில்லை. 2025 ஜூலை 12-ஆம் தேதி மறுபடி எழுதினார். தமிழ்ப் பகுதி அந்தத் தடவை எல்லோரையும் புலம்ப வைத்தது. ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது.

"149 தாம்மா. எறங்கிடுச்சு."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். டைரியில் இருந்த விஷயங்களில் 38 கேள்வி வந்ததாம், 33 சரியாம். "அதுல குறை ஒண்ணுமில்ல. ஆனா பையன் ஆறாவது போயிட்டான், இன்னும் எத்தன வருஷம்னு அவரும் கேக்குறாரு. இதோட நிறுத்திக்கிறேன். பக்கத்துல ஒரு ஸ்கூலுல ஆபீஸ் வேலைக்குக் கூப்புடுறாங்க, கம்ப்யூட்டர்ல ஏத்துற வேல. போலாம்னு இருக்கேன்."

வருத்தமா என்று கேட்டேன். "இல்லாம இருக்குமா?" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பின்னால் ஏதோ பாத்திரம் விழும் சத்தம், பையனைத் திட்டினார்.

"டைரி வச்சிருக்கீங்களாக்கா? எனக்குக் குடுங்களேன்" என்றேன்.

"எங்க? பின்பக்கமெல்லாம் காலியா இருந்துச்சுன்னு இவன் எடுத்துக்கிட்டான். தெருவுல ஆடுற கிரிக்கெட் ஸ்கோரு எழுதறான். நேத்து பாத்தேன், இவன் அவுட் ஆனதையெல்லாம் அடிச்சு வச்சிருக்கான்."